லட்டுவின் சிவப்புச் சட்டை

அத்தியாயம் 17

ஒன்பது நாய்களுக்கான ஒன்பது நத்தார் சட்டைகளும், எல்லாம் கிறிஸ்மஸ் சிவப்பில், ஒரே பையில் இருந்தன. ஹல்துமுல்லையில் பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பை ரொஷானின் மடியை விட்டு இறங்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, அவனுடைய தாய் இருதயம்மா. கோயிலுக்கு மட்டும் உடுத்தும் ஊதாச் சேலையில் இருந்தார். பின் இருக்கையில் அவன் மனைவி நிலக்ஷனா.

மாமியார் கூட வருவார் என்று நிலக்ஷனா எதிர்பார்க்கவே இல்லை. மூன்று வாரமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சோறு ஆறுகிறது என்பதிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது என்பது வரை எல்லாம் ரொஷான் வழியாகத்தான் போய்வந்தன. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில், மூவரும் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அவன் தபால்காரனைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பான்.

சிவப்புத் துணியை முதன்முதலாகத் தரையில் விரித்த நாளில்தான் அது தொடங்கியது. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த இருதயம்மா அதைப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "மழையில நனஞ்சே என் காலம் போச்சு. எனக்கு ஒரு கோட்டுத் தைக்க இந்தத் தோட்டத்துல ஆள் இல்ல. நாய்க்குத் தைக்கிறாங்களாம்."

நிலக்ஷனா பேசாமல் இருந்திருக்கலாம். "நாய்க்குத் தச்சாத்தான் நமக்குக் கூரை, மாமி" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் கூடுதலாகச் சுட்டது. ரொஷான் சாரதியாக இருக்கும் தோட்டத்துப் பங்களா ஹோட்டலை ஜனவரி கடைசியில் மூடப் போகிறார்கள்; வேலையோடு லயத்து அறையும் போய்விடும். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் சிவஞானம் முதலாளிக்குக் கடை மாடியில் ஒரு பெரிய அறை சும்மா கிடக்கிறது. முன்பாதியில் தைக்கலாம், பின்பாதியில் குடியிருக்கலாம். தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை பதுளையில் நடக்கும் நத்தார் நாய் ஊர்வலம் எப்படிப் போகிறதென்று பார்ப்போம் என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை இன்று.

நாய்க்குச் சட்டை தைப்பது குழந்தைக்குத் தைப்பது மாதிரித்தான் என்று முதலில் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. குழந்தையின் கை பக்கவாட்டில் விரியும். நாயின் முன்னங்கால் முன்னும் பின்னுமாக ஓடும். கால் இடுக்கில் ஒரு தையல் வந்தால் போதும், தெருவைக் கடப்பதற்குள் தோல் உரசிச் சிவந்துவிடும். அதனால் கைகளே வைக்காமல், முதுகை மூடி நெஞ்சுக்கடியில் அகல வெல்க்ரோ ஒட்டுப்பட்டியால் ஒட்டும்படி வெட்டினாள். அளவு மூன்றுதான். கழுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, கழுத்தடியிலிருந்து வாலடி வரை முதுகு. நாய் நிற்கும்போது எடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நாயை அளந்து தைத்தால், எழுந்து நடக்கும்போது இழுக்கும்.

ஒட்டிய பிறகு எந்த இடத்திலும் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். பொத்தான், மணி, சரிகை எதுவும் கூடாது. நாய் கடித்து விழுங்கக்கூடிய ஒன்றும் இருக்கக் கூடாது. தொப்பியும் கிடையாது. காதால்தான் நாய் பாதி உலகத்தைப் பார்க்கிறது. அதை மூடினால் சாதுவான நாய்கூடப் பயத்தில் கடிக்கும். மேலே மெல்லிய சிவப்புப் பருத்தி, உள்ளே அதைவிட மெல்லிய வெள்ளைப் பருத்தி. காற்று இரண்டையும் தாண்டிப் போக வேண்டும்.

இவற்றில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் பதுளையில் பிராணிகள் வைத்தியம் பார்க்கும் டொக்டர் ஸல்மா. ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான். அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒவ்வொரு சட்டையையும் நிலக்ஷனா தன் கையால் உள்ளும் புறமும் பார்த்த பிறகுதான் நாயின் மேல் போட வேண்டும். எட்டு வருடம் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேசையில் நின்றவளுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அந்த மேசையில் ஒரு சட்டை திரும்பி வந்தால், தைத்தது யார் என்று கேட்கமாட்டார்கள். கடைசியாகப் பார்த்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

ஒன்பதையும் வியாழக்கிழமையே பார்த்து முடித்துப் பையில் மடித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை, கூடுதலாக ஒட்டுப்பட்டி வாங்க பண்டாரவளைக்குப் போய்ப் பின்னேரம்தான் திரும்பினாள். தையல் பெட்டி இடம் மாறியிருந்தது. மாமியார் அடுப்படியிலிருந்து, "நாளைக்கு நானும் வாறேன்னு சொல்லு" என்று மகனிடம் சொல்லியனுப்பினார். அதையே சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் பையைத் திரும்பத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஹாலிஎலையைத் தாண்டிப் பஸ் இறங்க இறங்க, காலையில் மலையில் போட்டிருந்த ஸ்வெட்டரை ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மழை வந்தது. ஆனால் குளிர் வரவில்லை.

* * *

ஊர்வலம் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பத்தே முக்காலாகியும் தொடங்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய மண்டபத்தின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே வருகிறதென்று ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். நூற்றைம்பது பேரின் மூச்சும் ஒன்பது நாய்களின் மூச்சும் சேர்ந்து உள்ளே ஆவி போலத் தங்கி நின்றது. ஒலிபெருக்கியில் நத்தார்ப் பாட்டு. மழை விட்டதும் புறப்படலாம் என்று ஏற்பாட்டாளர் இரண்டு தடவை அறிவித்துவிட்டார்.

நடக்கத் தொடங்கும்போதுதான் சட்டை போட வேண்டும் என்று நிலக்ஷனா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்? ரொஷான் பையைத் திறந்ததும் ஆளுக்கொன்றாக வாங்கிப் போட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். அவள் அந்த நேரம் முழங்காலில் நின்று, புரூனோ என்ற பெரிய நாயின் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். புரூனோ முந்தின வாரத்தைவிடக் கொழுத்திருந்தது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் அமைதி வந்தது. அப்போது புரூனோ திரும்பியது. அதன் முதுகில் ஏதோ சரசரத்தது.

பருத்தி சரசரக்காது.

நிலக்ஷனா கையைச் சட்டைக்குள் விட்டாள். வெள்ளை உள்துணி இருந்தது. வெளியே சிவப்பும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், விரலுக்கு வழுக்கிக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று. கீழ் ஓரத்தைத் திருப்பினாள். அவளுடைய மெஷின் தையல் அங்குலத்துக்குப் பன்னிரண்டு குத்து. இங்கே அதைப் பிரித்துவிட்டு, கறுப்பு நூலில், விரல் அகலத்துக்கு ஒரு குத்தாகக் கைத்தையல் ஓடியிருந்தது. முடிவில் ஒரு தடித்த முடிச்சு.

அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். லயத்துக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாமியாரின் படங்கில் தினமும் பார்க்கிற முடிச்சு அது.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். மழையில் அதற்குள் நின்று பறித்தால் வயிறும் தொடையும் நனைந்து ஊறிவிடும். அதற்காகத்தான் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள்: மேலே தடித்த சாக்கு, உள்ளே பொலித்தீன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் எது தண்ணீரை உள்ளே விடாதோ அது சூட்டையும் வெளியே விடாது. கட்டிக்கொண்டு வேலை செய்யும்போது வெளியே மழை, உள்ளே வேர்வை.

நேற்று ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து, ஒன்பது சட்டைக்கும் மாமியார் படங்கு வைத்துத் தைத்திருக்கிறார்.

நிலக்ஷனா நிமிர்ந்து பார்த்தாள். இருதயம்மா இரண்டாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கோ ஒளித்துக் கொண்டுவந்த பரிசை எப்போது பிரிப்பார்கள் என்று காத்திருக்கும் முகம். மருமகள் பார்ப்பதைக் கண்டதும் லேசாகச் சிரித்தார்.

மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

ரொஷானை ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சட்டை ஓரத்தையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்பச் சொல்லாத, நிலா" என்றான். "ஊர்வலம் இருபது நிமிசம். மழையும் பெய்யுது. முடிஞ்ச ஒடனே நானே கழட்டிர்றேன். அம்மா மொகத்தப் பாரு."

"அவங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் வாறேன்."

"முதலாளிக்குத் தெரிஞ்சா அந்த ரூம் போச்சு. அம்மாவ இவ்வளவு சனத்துக்கு முன்னால தலகுனிய வைக்கணுமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புரூனோவுக்கு நீண்ட மூக்கு. அரை மணி நேரம் தாங்கும். நிலக்ஷனா மனதுக்குள் ஒன்பது நாய்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். புரூனோ, பக்கத்தில் இருக்கும் இரண்டு நாட்டு நாய்கள், வெலிமடையிலிருந்து வந்த வெள்ளைக் குட்டை நாய்... எட்டாவது வரை பரவாயில்லை.

ஒன்பதாவது லட்டு.

* * *

லட்டு சிவஞானம் முதலாளியின் பக் நாய். தட்டை முகம், சுருங்கிய நெற்றி, பூசணிக்காய் உடம்பு. பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போன பிறகு வீட்டுக்கு வந்த நாய் அது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மெத்தை உண்டு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவுதான். சூட்டை வெளியே தள்ள அதற்கு இருப்பது வாயும் மூக்கும். நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சு விடும்போது, மூக்குக்குள்ளும் நாக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகிறது. நீண்ட மூக்கு என்றால் ஈரமான பாதையும் நீளம். பக் நாயின் பாதை நசுங்கிக் கிடக்கிறது. குறுகிய வழியில் காற்றை இழுக்க அது பாடுபட வேண்டும். பாடுபட்டால் உடம்பு இன்னும் சுடும். சுட்டால் இன்னும் வேகமாக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அது திரும்பி வராத வட்டம். டொக்டர் ஸல்மா இதைக் காகிதத்தில் படம் போட்டே நிலக்ஷனாவுக்குக் காட்டியிருந்தார்.

முதலாளி மேடைக்கருகில் நின்றார். நெற்றியில் விபூதி, உடம்பில் நத்தார்ச் சிவப்புச் சட்டை, தோளில் அதே சிவப்பில் லட்டு. நாலைந்து பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிலக்ஷனா கூட்டத்துக்குள் புகுந்து போனாள். கிட்டப் போகும்போதே சத்தம் கேட்டது. அது சாதாரண இளைப்பு இல்லை. குறட்டை போலக் கரகரத்தது. நாக்கு நுனியில் அகன்று, ஓரம் சுருண்டு, நாவல்பழத்தின் நிறத்துக்குப் போயிருந்தது. யாரோ நீட்டிய பிஸ்கட்டை லட்டு திரும்பியும் பார்க்கவில்லை. பிஸ்கட்டைப் பார்க்காத லட்டுவை அவள் இதுவரை கண்டதில்லை.

"முதலாளி, லட்டுவக் கீழ விடுங்க. சட்டையக் கழட்டணும்."

"ஒரு நிமிசம் பிள்ள, இந்தப் படம் மட்டும்."

"இப்பவே கழட்டணும்."

அவர் சிரித்துக்கொண்டே கமெராவைப் பார்த்தார். நிலக்ஷனா நெஞ்சுப் பட்டியை இழுத்தாள். ஈரத்தில் ரோமம் ஒட்டுப்பட்டிக்குள் சிக்கியிருந்தது, வரவில்லை. இழுத்தால் தோலோடு வரும். இடுப்பில் செருகியிருந்த கத்திரிக்கோலை எடுத்தாள். மழுங்கிய பக்கத்தை நாயின் உடம்போடு ஒட்டிக் கீழே விட்டு, வயிற்றிலிருந்து கழுத்து வரை ஒரே வெட்டாக வெட்டினாள்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"உனக்கு என்ன பைத்தியமா?" சிவஞானம் பின்னால் நகர்ந்தார். அவர் கையில் பிளந்த சிவப்புத் துணி தொங்கியது. அதன் நடுவிலிருந்து பொலித்தீன் எட்டிப் பார்த்தது. உள்பக்கம் முழுக்க நீர்த்துளி.

தரையில் விட்டதும் லட்டு நான்கு காலில் நின்றது. பிறகு பின்னங்கால் இரண்டும் தனித்தனியாக விலகின. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

டொக்டர் ஸல்மா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. "வெளி விறாந்தைக்குத் தூக்குங்க" என்ற குரல்தான் முதலில் வந்தது. நிலக்ஷனா நாயை வாரி எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் போலச் சுட்டது.

விறாந்தையில் காற்றும் சாரலும் அடித்தன. டொக்டர் லட்டுவை ஈரச் சிமெந்தில் கிடத்தினார். கூரைப் பீலியிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரை ரொஷான் வாளியில் பிடித்துக் கொடுத்தான். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றச் சொன்னார் டொக்டர். யாரோ குளிர்பானக் கடையிலிருந்து ஐஸ் கட்டியைப் பையோடு கொண்டுவந்தார்கள். டொக்டர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். ஐஸ் பட்டால் தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய் சுருங்கிவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வழியில்லாமல் போகும் என்று, கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே விளக்கினார். ஈரத்துண்டால் மூடவும் விடவில்லை. காற்றுப் படட்டும் என்றார். இரண்டு பேர் அட்டையால் விசிறினார்கள்.

சிவஞானம் சுவரில் சாய்ந்து நின்றார்.

டொக்டர் லட்டுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விரலால் அழுத்தி, இரத்தம் திரும்புகிறதா என்று விட்டுப் பார்த்தார். வெளுத்த இடம் மெதுவாக, மிக மெதுவாகச் சிவந்தது. இரண்டாம் தடவை அழுத்தியபோது கொஞ்சம் சீக்கிரம் வந்தது.

"கிளினிக்குக் கொண்டுபோகணும். கார் எடுங்க" என்றார். கார் வரும் வரைக்கும் குனிந்து, சிவஞானத்தின் கையிலிருந்து விழுந்திருந்த சட்டையை எடுத்தார். பொலித்தீனை உருவிப் பார்த்தார்.

"இது யார் வச்சது?"

"பாக்காம விட்டது நான், டொக்டர்" என்றாள் நிலக்ஷனா.

"நான் கேட்டது அது இல்ல. இதுல ரெண்டு கை இருக்கு."

அவளுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாலே போதும். கடைசியாகப் பார்த்தவள்தான் பொறுப்பு, தொழிற்சாலை மேசையில் அதுதானே சட்டம். ரொஷான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மழைக்கோட்டா கேட்டேன்?" சிவஞானம் சுவரை விட்டு முன்னால் வந்தார். "பிள்ள, நான் உன்ன நம்பித்தானே லட்டுவக் குடுத்தேன்? எட்டு வருசம் தரம் பாத்தேன்னியே. இதானா உன் தரம்?"

"அவ இல்லங்க."

எல்லோரும் திரும்பினார்கள். விறாந்தை வாசலில், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இருதயம்மா நின்றார்.

"அது என் கை" என்றார். "நேத்து அவ பண்டாரவளைக்குப் போயிருந்தா. மழ நாளு, நாய் நனஞ்சிரும்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாது."

ரொஷான் வாளியைக் கீழே வைத்தான்.

டொக்டர் ஸல்மா கோபப்படவில்லை. லட்டுவின் வயிற்றில் தண்ணீரை விட்டுக்கொண்டே, நாய் நனைந்தால் உதறிவிடும், நாலு உதறலில் பாதித் தண்ணீர் போய்விடும், ஆனால் சூடு உள்ளே மாட்டிக்கொண்டால் அதனால் உதற முடியாது என்று சொன்னார். வேர்வை இல்லாத உடம்பு, நாக்கு ஒன்றுதான் வழி என்று நிலக்ஷனாவுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார்.

இருதயம்மா கவனமாகக் கேட்டார். ஒரு தடவை தலையாட்டினார்.

"படங்குக்குள்ள எங்களுக்கும் அவிஞ்சு போகும், டொக்டரம்மா. தாங்க முடியாட்டி மரத்தடியில நின்னு அவுத்துப் போட்டுருவோம்." லட்டுவைப் பார்த்தார். "இதுக்கு அவுக்கக் கை இல்லன்னு எனக்குத் தோணல."

கார் வந்தது. சிவஞானம் நாயை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கதவைச் சாத்தும் முன் நிலக்ஷனாவைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்: "மத்த எட்டையும் பாரு." அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

* * *

மற்ற எட்டையும் பார்ப்பதற்குள் மண்டபம் சந்தையாகியிருந்தது. சிலர் சட்டையைக் கழற்றத் தெரியாமல் இழுத்தார்கள். இரண்டு நாய்கள் உறுமின. ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி ரொஷான் ஓடினான். நிலக்ஷனா புரூனோவை நோக்கிப் போனாள்.

"புள்ள."

திரும்பினாள். இருதயம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ரொஷான் இல்லை. அந்த வார்த்தை வேறு யார் வழியாகவும் வரவில்லை.

"வெட்டாத. நாயப் புடி, நான் உருவுறேன்."

மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் இறுகுமே தவிர வராது; குத்துக் குத்தாகப் பிரிக்க வேண்டும். கையால் ஓட்டிய தையல் ஒற்றை நூல். முடிச்சைக் கிள்ளிவிட்டு மறுநுனியைப் பிடித்து இழுத்தால் முழு ஓரமும் ஒரே மூச்சில் அவிழும். இருதயம்மா பல்லால் முடிச்சைக் கடித்தார், நூலை இழுத்தார், இரண்டு விரலை உள்ளே விட்டுப் பொலித்தீனை உருவினார். கொழுந்து கிள்ளும் விரல்கள். ஒரு சட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நிலக்ஷனா ஒவ்வொரு நாயாகப் பிடித்தாள். சட்டை நீங்கியதும் ஈறைப் பார்த்தாள், காதைத் தொட்டாள், நடக்க விட்டாள். எட்டும் நடந்தன. வெலிமடை நாய் மட்டும் தண்ணீர்ச் சட்டியில் முகத்தை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

இருவரும் அதிகம் பேசவில்லை. இதைப் புடி, அதை விடு, அந்தக் கறுப்பன் கடிப்பானா என்பவைதான் பேச்சு. ஆறாவது நாயில் ரொஷான் திரும்பி வந்து, அம்மா என்ன சொல்றாங்க என்று நிலக்ஷனாவிடம் கேட்டான். பழக்கதோஷம். இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பதினொன்றரைக்கு மழை நின்றது. ஊர்வலத்தைக் கைவிட்டுவிடலாமா என்று ஏற்பாட்டாளர் நிலக்ஷனாவிடம் வந்து கேட்டார். அவள் சட்டைகளைத் திரும்ப நீட்டவில்லை. ஒவ்வொரு நாய்க்கும் முன்னால் சட்டையைக் காட்டினாள். ஐந்து நாய்கள் மோந்து பார்த்து வாலாட்டின, அவற்றுக்குப் போட்டாள். மூன்று, காதைப் பின்னால் மடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவை வெறும் உடம்போடு போகட்டும் என்றாள். சொந்தக்காரர்களில் ஒருவர் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை.

எட்டு நாய்கள் ஈரத் தெருவில் பத்தே நிமிடம் நடந்தன. கை தட்டினார்கள், அவ்வளவாக இல்லை. லட்டுவைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டு போனார்கள்.

* * *

மூவரும் பஸ் நிலையத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இருக்கும்போது, ஒன்றேகாலுக்கு டொக்டர் ஸல்மா போனில் கூப்பிட்டார். லட்டுவின் சூடு இறங்கிவிட்டது. தண்ணீர் குடித்தது, வாலை ஒரு தடவை ஆட்டியது. ஆனால் உள்ளே சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று நாளை வரைக்கும் பார்க்க வேண்டும். அதற்கு முன் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லமாட்டேன் என்றார்.

பிறகு போன் கை மாறியது.

"நாலு மணிக்கு உன் மாமியாரக் கடைக்கு அனுப்பு" என்றார் சிவஞானம். "மாடி ரூமுக்கு. அவங்க மட்டும் வந்தாப் போதும்." என்ன காரியமென்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நிலக்ஷனா அதை அப்படியே சொன்னாள். ரொஷான் உடனே எழுந்தான். தான் போய்ப் பேசுவதாகச் சொன்னான். ஏசுவதென்றால் தன்னை ஏசட்டும், வயசான மனுசியை மாடியில் தனியாக நிறுத்தி வைத்து என்ன கேட்கப் போகிறார் என்றான். மூவருமாக நாலரை பஸ்ஸைப் பிடித்து ஹல்துமுல்லைக்குப் போய்விடலாம் என்று கடைசியில் வந்து நின்றான்.

இருதயம்மா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "கூப்புட்டது என்னத்தானே" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாலு மணிக்கு மூவரும் துணிக்கடைக்கு முன்னால் நின்றார்கள். நத்தார் வியாபாரத்தில் கடை நிறைந்திருந்தது. மாடிக்குப் போகும் மரப்படி கடைக்கு வெளியே, பக்கத்துச் சந்தில் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் லட்டுவின் மெத்தை காலியாகக் கிடந்ததை நிலக்ஷனா கண்டாள். மாமியாரும் கண்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

"நானும் வாறேன், மாமி. பையத் திறந்து பாக்காதது என் பிழ. அதச் சொல்லணும்."

இருதயம்மா முதல் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"உன் பிழய நீ பொறகு சொல்லு. என் பிழக்கு நான்தான் பதில் சொல்லணும்ல?" ரொஷானைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார். "நீ இங்கனயே நில்லு."

படிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. மேலே கதவு திறந்தது. சிவஞானத்தின் குரல் ஏதோ கேட்டது. அதற்கு இருதயம்மா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் சந்து வரைக்கும் வந்தது.

ரொஷான் படியில் ஏறப்போனான். நிலக்ஷனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கும் ஓடி ஏற வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு மாமியார் தன்னிடம் நேராகக் கேட்டுக்கொண்ட ஒன்று இது. மேலே என்ன நடந்தாலும் சரியென்று, சுவரோரமாக, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றாள்.